நேற்றைய தேதியில் மழை

தேயிலை எஸ்டேட்டின் சங்கு ஏழு பத்துக்கு ஊதியது.

ஜீவிதா பின்கதவைத் திறந்து வெளியே வந்தாள். லைன் வீடுகளின் பின்னால், வாழைகளிலிருந்து பத்தடி தள்ளி, நான்கு செங்கல்லுக்கு நடுவில் அவளுடைய மழைமானி நின்றது. இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில். கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகியதால் அதுவே புனல். அடி வளைவாக இருந்ததால் சிமெண்ட் ஊற்றிச் சமன் செய்திருந்தாள். பக்கத்தில் ஒட்டிய ஸ்கேலைப் படிக்க, கண் தண்ணீர் மட்டத்துக்கு வர வேண்டும். அதற்கு முழங்கால் மண்ணில் பட வேண்டும்.

முப்பத்து நான்கு மில்லிமீட்டர்.

"மழை எங்கயும் ஓடிறாது புள்ள," என்றாள் அம்மா ராஜகுமாரி. இடுப்பில் பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொண்டிருந்தாள். "அஞ்சு வருசமா முட்டி போடுற. சாமிக்குப் போட்டிருந்தா ஒரு வழி பொறந்திருக்கும்."

"சாமி எத்தன மில்லிமீட்டர்னு சொல்லாதும்மா."

"வாய் மட்டும் நல்லா அளக்குது."

அம்மா பெரட்டுக்குப் போனாள். ஆபீஸ் முன்னால் பெயர் கூப்பிட்டு, யார் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்பும் இடம் அது. அப்பா திருப்பூரில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வார்.

ஜீவிதா தண்ணீரைக் கொட்டிவிட்டு பாட்டிலைத் திரும்ப வைத்தாள். போனில் ஷீட்டைத் திறந்து, சேரம்பாடி என்ற தன் நிரலில், நேற்றைய தேதிக்கு எதிரே 34 என்று போட்டாள். எஸ்டேட் ஆபீஸில் அப்படித்தான் எழுதுவார்கள். பிறகு ரேஷ்மாவுக்கு ஒரு செய்தி அனுப்பினாள். அதிலும் அந்த எண் மட்டும்தான்.

முன்பெல்லாம் ஒரு நிமிடத்தில் பதில் வரும். அதுவும் ஒரு எண்தான். அருவங்காட்டில் பெய்த மழை. அதன் பிறகுதான் பேச்சு தொடங்கும். ரேஷ்மா ஜூன் மாதம் கோயம்புத்தூரில் கல்லூரி ஹாஸ்டலுக்குப் போன பின் பதில் நாள் தள்ளி வந்தது. அவளுடைய மழைமானியை அவள் அப்பா நல்லசிவம் பார்த்துக்கொண்டார். வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடிந்து வந்துதான் அளப்பார்.

இன்று பதில் உடனே வந்தது. எண் இல்லை.

'ஆயுத பூஜை லீவுக்கு வீட்டுக்கு வந்திருக்கேன். வியாழக்கிழமை ஊட்டிக்கு வர்றியா? ஷீட்டைப் பத்திப் பேசணும்.'

ஜீவிதா அதை மூன்று முறை படித்தாள். ஐந்து வருடத்தில் அவர்கள் ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை.

*

அவர்கள் அறிமுகமானது 2020இல். பள்ளிகள் மூடியிருந்தன. எட்டாம் வகுப்பு அம்மாவின் போனில் நடந்தது. லைனில் சிக்னல் கிடையாது. தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறினால் இரண்டு கோடு வரும். ஜீவிதா குடையோடு அங்கே உட்கார்ந்திருப்பாள். வகுப்பு முடிந்ததும் கீழே இறங்க மாட்டாள். மேகம் ஏன் கீழே விழுவதில்லை, எரிமலைச் சாம்பலில் மின்னல் எப்படி வருகிறது, இப்படி ஒன்றிலிருந்து ஒன்று பார்ப்பாள். பார்த்ததைச் சொல்ல ஆள் இல்லை. ஒருமுறை அம்மாவிடம் சொன்னாள். அம்மா கேட்டுவிட்டு, "சரி, தண்ணி எடுத்தியா?" என்றாள்.

பாட்டிலில் மழைமானி செய்வது பற்றி ஒரு நேரலை வந்தது. அதன் கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: 'நீலகிரியில யாராவது இருக்கீங்களா?'

'நான்,' என்று ஜீவிதா எழுதினாள்.

ரேஷ்மாவுக்கும் பன்னிரண்டு வயது. மாவட்டத்தின் மறுகோடி. ஆனி ஆடியில் சேரம்பாடியில் கொட்டும்போது அருவங்காட்டில் தூறல். ஐப்பசியில் அங்கே கொட்டும்போது இங்கே வெயில். 'நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு மலை இருக்கு, அது வடிகட்டுது,' என்று ரேஷ்மா எழுதினாள். அந்த வாரமே ஷீட்டைத் தொடங்கினார்கள். இன்னும் சிலர் சேர்ந்தார்கள். வால்பாறையிலிருந்து அருண்பிரசாத் என்று ஒருவன் இரண்டு வருடம் எழுதினான். ஒரு கல்யாணத்துக்குப் போனதில் இரண்டு நாள் விட்டுப்போனது. ரேஷ்மா அவன் நிரலை எடுத்துவிட்டாள். 'ஓட்டை விழுந்த நிரலை வச்சு என்ன பண்றது,' என்றாள். கடைசியில் இருவர்தான் மிஞ்சினார்கள். ஒரு நாள்கூட விடாதவர்கள் என்று அவர்களுக்கு அதில் பெருமை.

பள்ளி திறந்த பிறகும் ஜீவிதா யாரோடும் அதிகம் சேரவில்லை. அதற்குத் தேவை இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. பிளஸ் டூ முடிந்ததும் கூடலூர் கல்லூரியில் இயற்பியல் கேட்டாள். வணிகவியல் கிடைத்தது. ரேஷ்மாவுக்கு இயற்பியல் கிடைத்தது.

*

ஊட்டி பஸ் ஸ்டாண்டுக்கு அவள் பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தாள். பையில் கால் கிலோ டீத்தூள் இருந்தது. ரேஷ்மாவுக்குக் கொடுக்க ஃபேக்டரியில் அம்மா சொல்லி வாங்கியது.

"நீ இவ்வளவு உயரமா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"பக்கத்துல குள்ளமா ஆள் நின்னா அப்படித்தான் தெரியும்."

ரேஷ்மா சிரித்தாள். போனில் கேட்ட அதே சிரிப்பு. பிறகு இருவருக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை. எதிரே இருந்த டீக்கடையில் போய் உட்கார்ந்தார்கள். டீயும் வர்க்கி பிஸ்கட்டும் வந்தன. சுற்றுலா வேன்கள் ஹாரன் அடித்தபடி நகர்ந்தன.

"வர்ற வழியில மழையா?"

"நடுவட்டத்துல. ரெண்டு மூணு இருக்கும்."

"கண்ணாலயே அளக்குறியா?" என்றாள் ரேஷ்மா. சொன்ன பிறகு முகம் மாறியது. லேப்டாப்பை எடுத்தாள்.

கல்லூரியில் மாணவர் கருத்தரங்கு. ரேஷ்மா ஒரு போஸ்டர் தயாரித்திருந்தாள். 'ஒரே மாவட்டம், இரண்டு மழை.' கீழே இரண்டு பெயர்கள். ஜீவிதாவின் பெயர் முதலில் இருந்தது.

"அகர வரிசை," என்றாள் ரேஷ்மா. "ரொம்ப சந்தோசப்படாதே."

பிறகு வேறொரு பக்கத்தைத் திறந்தாள். "மேடம் ஒரு மாசத்தை மட்டும் எடுத்துச் சரிபாத்தாங்க. 2023 ஜூலை. இது உன்னோடது. இது பக்கத்து ஊர் அரசாங்க மழைமானி. உங்க ஊடு இருக்கற எடத்துலருந்து எட்டு கிலோமீட்டர்தான்."

"ம்."

"நாலாந்தேதி அங்க நூத்திநாப்பது. உனக்குப் பன்னெண்டு. மூணாந்தேதி அங்க பத்து. உனக்கு நூத்திமுப்பத்தொண்ணு. பாத்தியா? மழை பெய்யறதுக்கு முந்தின நாளே நீ அளந்துட்ட."

ஜீவிதா திரையைப் பார்த்தாள்.

"உன் ஃப்ரெண்டு ஜோசியம் பாப்பாளான்னு மேடம் கேட்டாங்க. கிளாஸே சிரிச்சுது."

"நான் அளந்தேன்."

"மொத்த மாசமும் ஒரு நாள் தள்ளியிருந்தா ஏதோ தேதிக் குழப்பம்னு விட்டிருப்பாங்க. நடுவுல ஒன்பதுலருந்து பதினேழு வரைக்கும் கச்சிதமா இருக்குடி. அங்க எழுபது, உனக்கு அறுபத்தாறு. அங்க நாப்பது, உனக்கு முப்பத்தெட்டு. அப்போ தேதி சரிதான். இந்த ஒன்பது நாள் மட்டும் நெசமா அளந்திருக்கா, மத்ததெல்லாம் சும்மா போட்டதுன்னு மேடம் சொல்றாங்க."

ஜீவிதா அந்த ஒன்பது எண்களைப் பார்த்தாள். வர்க்கி டீயில் ஊறி உடைந்து விழுந்தது.

"எதையாவது சொல்லு ஜீவி."

"பாக்கறேன்."

"அடுத்த வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. நீ சொன்னா உன் பேர் இருக்கும். இல்லன்னா எங்க ஊர மட்டும் வச்சுக்கறேன். வேற வழியில்ல எனக்கு."

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து கூடலூர் தாண்டிய பிறகுதான் டீத்தூள் பையிலேயே இருப்பது தெரிந்தது.

*

ஒன்பது நாள் அவளுக்கு நினைவிருந்தது.

அந்த ஜூலையில் மூன்று யானைகள் லைனுக்குள் வந்தன. இரண்டு வீட்டின் பின்சுவர் போனது. வனத்துறையினர் எல்லாரையும் பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். யானைகள் போகும்வரை திரும்பக் கூடாது என்றார்கள். பகலில் ஆண்கள் மட்டும் போய் ஆட்டுக்குத் தழை போட்டுவிட்டு வந்தார்கள். பாட்டிலைப் பார்த்து வரும்படி ஜீவிதாவால் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலை அவள் பள்ளி வராந்தாவில் போனோடு நின்றாள். ரேஷ்மாவின் எண் வந்தது. நான்கு. அதன் கீழே: 'உனக்கு?'

யானை என்று எழுதியிருக்கலாம். எழுதினால் ஓட்டை விழும். ஓட்டை விழுந்த நிரல் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அரசாங்க மழைமானியில் நேற்றைய தேதிக்கு இருந்த எண்ணை இணையத்தில் தேடினாள். எழுபது. ராத்திரி தகரக் கூரையில் கேட்ட சத்தத்தை நினைத்துப் பார்த்தாள். அறுபத்தாறு என்று எழுதினாள். ஷீட்டிலும் வழக்கம்போல அதே நேற்றைய தேதிக்கு எதிரே போட்டாள்.

'செம,' என்று ரேஷ்மா பதில் போட்டாள்.

பத்தாம் நாள் வீட்டுக்குத் திரும்பியபோது பாட்டில் மண்ணில் தட்டையாகக் கிடந்தது. அன்று சாயங்காலமே புதிதாக ஒன்று செய்தாள்.

*

திங்கட்கிழமை காலை அவள் பெரட்டுக்குப் போனாள். பெண்கள் கூடையோடு வரிசையாக நின்றார்கள். ஆபீஸ் முற்றத்தில் கிளார்க் தினகரன் செம்பு மழைமானியைத் திறந்து கண்ணாடிக் குழாயில் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார். குழாயில் இஞ்ச் கோடுகள். பன்னிரண்டு வயதில் இந்த ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்று அவருடைய பதிவேட்டை எட்டிப் பார்த்துத்தான் எழுதக் கற்றுக்கொண்டாள்.

"சார், இன்னைக்கு அளந்தத ஏன் நேத்து தேதியில எழுதுறீங்க?"

"ஏங்கண்ணு, நேத்துப் பேஞ்ச மழைய இன்னைக்கு எழுதச் சொல்றியா?"

"விடியக்காலம் பேஞ்சிருந்தா?"

"அதுவும் நேத்துதான். பெரட்டுக்கு முன்னாடி நமக்கு இன்னைக்கே கெடையாது." அவர் குழாயை உயர்த்திப் பார்த்தார். "நேத்துப் பறிச்ச எல எடையில எவ்வளவு ஈரம் கழிக்கணும்? அதத் தெரிஞ்சுக்கத்தானே மழைய எழுதறதே. நேத்து எலைக்குப் பக்கத்துல நேத்து மழை."

"மத்த எடத்துலயும் அப்படித்தானுங்களா?"

"அரசாங்க ஆளுங்க காலைல எட்டரைக்கு அளப்பாங்க. அன்னைக்குத் தேதியவே போட்டுக்குவாங்க. அவங்க எல பறிக்கறதில்லையே."

வரிசையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "என்னங்க சார், எம் மகளுக்கு வேல குடுத்துட்டீங்களா?"

"அவதான் எனக்கு வேல வைக்கிறாம்மா."

கல்லூரிக்குப் பஸ்ஸில் போகும்போது ஜீவிதா ஷீட்டைப் பிரதி எடுத்து, தன் நிரலை ஒரு வரி கீழே இறக்கிப் பார்த்தாள். மூன்றாம் தேதியின் நூற்று முப்பத்தொன்று நான்காம் தேதிக்குப் போனது. அரசாங்க எண்ணுக்குப் பக்கத்தில் போய் நின்றது. ஜூன், ஆகஸ்ட், அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம், எல்லாம் போய்ப் பொருந்தின. ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் நாட்கள்.

ஒன்பது நாள் மட்டும் விலகி நின்றது.

தேதி வழக்கத்தைச் சொன்னால் ரேஷ்மா அடுத்ததாக அதைத்தான் கேட்பாள். சொல்லாமல் இருந்தால் அந்த ஒன்பது நாள் மட்டும் உண்மை, ஐந்து வருடம் பொய். சொன்னால் ஐந்து வருடம் உண்மை, ஒன்பது நாள் பொய். இரண்டில் ஒன்றுதான் முடியும். எளிய கணக்கு. ஆனாலும் அவளுக்கு மூன்று நாள் ஆனது.

*

வியாழக்கிழமை கல்லூரிக்குப் போகவில்லை. மத்தியானம் தொட்டி மேட்டில் ஏறி ரேஷ்மாவைக் கூப்பிட்டாள். லைனில் இப்போது சிக்னல் உண்டு. ஆனாலும் அங்கேதான் போனாள்.

பெரட்டு, ஈர இலை, தினகரன் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னாள். இந்த வாரம் அனுப்பிய செய்திகளின் தேதியையும் ஷீட்டின் தேதியையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னாள். ரேஷ்மா பார்த்தாள்.

"பெரட்டுக்கு முன்னாடி இன்னைக்கே இல்லையா?" ரேஷ்மா வாய்விட்டுச் சிரித்தாள். "இதைப் போஸ்டர்லயே போடலாம்டி. மேடம் மூஞ்சியப் பாக்கணும். எனக்கு ஊட்டியிலருந்து வந்து ஒரு வாரமாத் தூக்கமே இல்ல தெரியுமா?"

"ம்."

"இரு, தள்ளிப் பாக்கறேன். வருது. எல்லாம் வருது. ஜீவி, சூப்பர்." தட்டச்சுச் சத்தம் கேட்டது. நின்றது. "அப்போ அந்த ஒன்பது நாள் மட்டும் ஏன் ஏற்கெனவே சரியா இருந்துச்சு?"

கீழே சரிவில் பெண்கள் இலை பறித்துக்கொண்டிருந்தார்கள். யார் அம்மா என்று இங்கிருந்து தெரியவில்லை.

ஜீவிதா சொன்னாள்.

ரேஷ்மா குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு, "யானை வந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல," என்றாள்.

"அருண்பிரசாத் ரெண்டு நாள் விட்டான். நீ அவன எடுத்துட்ட."

"அப்போ எனக்குப் பதினாலு வயசுடி."

"எனக்குப் பதினஞ்சு. யானை வந்தப்போ."

"நம்பர் இல்லன்னா நான் உங்கூடப் பேசமாட்டேன்னா நெனச்ச?"

ஜீவிதா அப்படித்தான் நினைத்தாள்.

"இப்போ நான் மேடம்கிட்ட என்ன சொல்லட்டும்?" ரேஷ்மாவின் குரல் தணிந்திருந்தது. "தள்ளிப் பாத்தா பொருந்துதுன்னு சொல்லலாம். அந்த நம்பரப் பாத்துப் போட்டதாலதான் பொருந்துதுன்னு அவங்க சொல்வாங்க. பொருந்தலன்னா பொய், பொருந்தினா காப்பி."

"மத்த நாளெல்லாம் அளந்தேன் ரேஷ்மா."

"நான் நம்பறேன். ஆனா நம்பறேன்னு போஸ்டர்ல எழுத முடியாது."

"தெரியும்."

"கிளாஸ் இருக்கு. அப்பறம் பேசறேன்."

*

அடுத்த வாரம் ரேஷ்மாவின் ஸ்டேட்டஸில் போஸ்டர் வந்தது. தலைப்பு அதேதான். ஒரு மழை அருவங்காடு. இன்னொன்று அரசாங்க மழைமானி. கீழே ஒரு பெயர். ஜீவிதா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கோடுகள் நன்றாக வந்திருந்தன. ஒரு கோடு எழும்போது மற்றது படுத்திருந்தது. அவர்கள் பன்னிரண்டு வயதில் சொன்னது சரிதான்.

ஷீட்டை ரேஷ்மா அழிக்கவில்லை. ஜீவிதாவின் நிரலையும் எடுக்கவில்லை. அருவங்காடு நிரல் மட்டும் அக்டோபர் ஒன்பதோடு நின்றிருந்தது.

ஜீவிதா 2023 ஜூலைக்குப் போய் அந்த ஒன்பது எண்களையும் அழித்தாள். பக்கத்தில் 'யானை. அளக்கவில்லை' என்று எழுதினாள். பிறகு நிரல் முழுவதையும் ஒரு வரி கீழே இறக்கினாள். அன்றிலிருந்து காலையில் அளந்ததை அந்தக் காலையின் தேதியிலேயே போட்டாள். எண்ணை ரேஷ்மாவுக்கு அனுப்பினாள். படித்ததற்கான இரண்டு நீல டிக்குகள் வந்தன. பதில் வரவில்லை.

நவம்பர் வந்தது. மழை மலையின் அந்தப் பக்கம் போனது. குன்னூர் பாதையில் மண் சரிந்ததாகச் செய்தி சொன்னது. சேரம்பாடியில் வானம் கழுவிவிட்டது போல இருந்தது.

சங்கு ஊதியது. ஜீவிதா பின்கதவைத் திறந்து போய் முழங்காலிட்டாள்.

"தரையே காஞ்சு கெடக்கு," என்றாள் அம்மா. பிளாஸ்டிக் தாளை இன்று மடித்து ஆணியில் மாட்டியிருந்தாள். "பாட்டில்ல என்ன இருக்கப் போவுது?"

"இல்லங்கறதையும் பாத்துதான் சொல்லணும்."

"யாருகிட்ட?"

ஜீவிதா எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினாள். அம்மா கூடையை எடுத்துக்கொண்டு பெரட்டுக்குப் போனாள். ஷீட்டில் இன்றைய தேதிக்கு எதிரே ஒரு பூஜ்யம் போட்டாள். ரேஷ்மாவின் பெயரைத் திறந்தாள். இன்று தட்டச்சு செய்யவில்லை. மைக் குறியை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"ரேஷ்மா, இங்க இன்னைக்கு சைபர். அங்க எவ்வளவு?"